பளபளப்புக்கு மார்க் கிடையாது, தெரியுமா?

இரண்டு பழைய டிராக்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று அப்படி மின்னுகிறது! குனிந்து பார்த்தால் மீசையைச் சரிசெய்துகொள்ளலாம். இன்னொன்றில் பெயின்ட் ஓரிடத்தில் வழிந்து அப்படியே காய்ந்திருக்கிறது. முதல் பரிசு எதற்கு? சொல்லுங்கள் பார்ப்போம்! பெயின்ட் வழிந்த வண்டிக்கே கிடைத்துவிடலாம்! அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடக்கும் பழைய டிராக்டர் கண்காட்சிகளில் இது ஒன்றும் அதிசயமில்லை.

ஏன் தெரியுமா? விவரம் தெரிந்த நடுவர் ஒரு வண்டியைப் பக்கத்து வண்டியோடு ஒப்பிடுவதே இல்லை. அந்த டிராக்டர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ, அதோடுதான் ஒப்பிடுவார். 1930-களின் தொழிற்சாலையில் ஆறு கோட்டிங் அடித்து, உரசி, மெழுகு போட யாருக்கு நேரம்? உழப் போகிற வண்டி! பல கம்பெனிகளில் எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகுதான் பெயின்ட் அடித்தார்கள். போல்ட் தலை, நட்டு, கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றுக்கும் ஒரே அடி, ஒரே நிறம்! இன்றைக்கு ஒருவர் ஆசை ஆசையாக அந்த போல்ட்டுகளுக்கு குரோம் பூசிக் கொண்டுவந்தால்? மார்க் போச்சு!

இதில் பாவம் யார் என்றால், அதிகமாகச் செலவு செய்தவர்தான்.

சரி, ஃபார்மால் டிராக்டர் என்ன நிறம்? "சிவப்பு!" என்பீர்கள். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்! இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி ஃபார்மாலைச் சிவப்புக்கு மாற்றியது 1936 நவம்பரில். அதற்கு முன் வந்ததெல்லாம் சாம்பல் நிறம், சக்கரம் மட்டும் சிவப்பு! எஃப்-20 என்ற ஒரே மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-ல் பிறந்தது சாம்பல், 1938-ல் பிறந்தது சிவப்பு. 1935 வண்டிக்குச் சிவப்பு அடித்து, வாரக் கணக்கில் தேய்த்து மினுக்கி, பெருமையோடு கொண்டுவந்து நிறுத்துகிறார் ஒருவர். நடுவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: சீரியல் நம்பர் தகட்டைப் பார்ப்பது!

ஆலிஸ்-சால்மர்ஸ் டிராக்டரின் ஆரஞ்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? பூவிலிருந்து! அந்தக் கம்பெனியின் டிராக்டர் பிரிவுத் தலைவர் ஹாரி மெரிட், கலிஃபோர்னியாவில் காடு முழுக்கப் பூத்துக் கிடந்த பாப்பிப் பூக்களைப் பார்த்தாராம். தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கிற நிறம்! 1929-ல் டிராக்டர்கள் பச்சையிலிருந்து "பெர்ஷியன் ஆரஞ்சு"க்கு மாறிவிட்டன. கதை அதோடு முடியவில்லை. 1960 வாக்கில் "பெர்ஷியன் ஆரஞ்சு நம்பர் 2" வந்தது. ஆக, நடுவருக்கு இரண்டு ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்! மேகம் மூடிய நாளில் இந்த வேலையை யாரும் எனக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

போர் விமானத்துக்குப் பயந்து நிறம் மாறிய டிராக்டர் தெரியுமா? இங்கிலாந்தில் டாகன்ஹாம் தொழிற்சாலையில் செய்த ஃபோர்ட்சன் என் மாடல்! முதலில் நீலம். 1937-ல் பளிச்சென்ற ஆரஞ்சு. உலகப் போர் வந்ததும் வயலில் நிற்கிற ஆரஞ்சு வண்டி வானத்திலிருந்து நன்றாகத் தெரியுமே என்று 1940-ல் பச்சை! ஒரே மாடல், மூன்று நிறம்! எந்த வருடத்துக்கு எந்த நிறம் என்று தெரியாத நடுவர் என்ன தீர்ப்புச் சொல்வார்?

இப்போது ஒரு போல்ட்டைக் கிட்டத்தில் பார்ப்போம், வாருங்கள். அறுபக்கத் தலை. தலைமேல் சக்கரத்தின் ஆரம் போல மூன்று சிறு கோடுகள். கண்டுபிடித்தீர்களா? அந்த மூன்று கோடு "கிரேடு 5" என்பதற்கான அடையாளம்! ஆறு கோடு என்றால் கிரேடு 8. இந்த அடையாளமெல்லாம் பின்னால் வந்த ஏற்பாடு. 1925 வண்டியில் அது எப்படி வரும்? அந்தக் காலத்து வண்டிகளில் சதுரத் தலை போல்ட்டுகளை நிறையவே பார்க்கலாம். நடுவர் கையில் டார்ச் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுப்பதும் இதற்குத்தான்!

திருகாணி இன்னும் மோசமான காட்டிக்கொடுப்பான். தலையில் கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் ஸ்க்ரூ இருக்கிறதே, அது பெரிய தொழிற்சாலைக்குள் நுழைந்ததே 1936 காடிலாக் காரில்தான்! 1920-களின் டிராக்டரில் ஒரே ஒரு பிலிப்ஸ் ஸ்க்ரூ தெரிந்தால் போதும். ஒரு சின்னத் திருகாணி, பத்து வருஷம் முன்னதாகவே பிறந்துவிட்டது!

ஜான் டியர் மாடல் டி. 1923-லிருந்து 1953 வரை முப்பது வருடம் விடாமல் தயாரான டிராக்டர்! அதன் ஆரம்பகால வண்டிகளுக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் "ஸ்போக்கர் டி". பக்கவாட்டில் இருக்கும் ஃப்ளைவீலில் ஆரக்கால்கள் இருக்கும், அதனால் அந்தப் பெயர். 1923, 1924-ல் அதன் விட்டம் 26 அங்குலம். 1925-ல் 24 அங்குலம். 1926-ல் ஆரக்காலே இல்லாத முழு வட்டு! இரண்டே இரண்டு அங்குல வித்தியாசம் வண்டியின் வயதைச் சொல்லிவிடுகிறது! இன்னொன்று கேளுங்கள்: முதலில் வந்த 50 வண்டிகளுக்கு மட்டும் முன் ஆக்சில் வார்ப்பு இல்லை, துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. அந்த ஐம்பதில் ஒன்று கண்காட்சிக்கு வந்தால், ஆக்சிலைப் பார்க்கக் கூட்டம் மண்ணில் முட்டி போடும்!

ஃபோர்ட் 8என் டிராக்டரின் நம்பர் எங்கே இருக்கும் தெரியுமா? இன்ஜின் பிளாக்கின் இடப்பக்கம் அடித்திருப்பார்கள். நம்பருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம், பின்னால் ஒரு நட்சத்திரம்! இடையில் யாரும் இன்னொரு எண்ணைச் செருகிவிடக் கூடாது அல்லவா? நட்சத்திரம் காணோம் என்றால் நடுவரின் புருவம் உயரும்.

இரும்புச் சக்கரம் என்றால் பழசு, ரப்பர் டயர் என்றால் புதுசு. இது சரியா? தப்பு! 1943-ல் வந்த டிராக்டர் இரும்புச் சக்கரத்தோடு நின்றால் அதுதான் சரி! இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள், தெரியுமா? அன்றைக்கு உலகத்துக்கு ரப்பர் தந்த பெரிய இடங்களில் ஒன்று மலாயா. அங்கே தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்! 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. விளைவு? ஃபோர்ட் 2என் டிராக்டர் இரும்புச் சக்கரத்தோடு வந்தது! பேட்டரியும் இல்லை, செல்ஃப் ஸ்டார்ட்டும் இல்லை, மேக்னெட்டோவும் கைப்பிடியும்தான்! "அந்தக் காலத்தில் ரப்பர் டயர் வந்துவிட்டதே" என்று போர்க்கால வண்டிக்கு மார்க்கைக் குறைக்கும் நடுவரை என்னவென்று சொல்வது? சரித்திரம் படிக்காதவர் என்றுதான்!

டிராக்டருக்கு ரப்பர் டயரா என்று விவசாயிகள் சிரித்த காலமும் உண்டு. ஆலிஸ்-சால்மர்ஸ் என்ன செய்தது தெரியுமா? 1932-ல் விமான டயரைப் போட்டுப் பரிசோதித்தது! அதோடு நிற்கவில்லை. ரேஸ் வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டைக் கூப்பிட்டு டிராக்டரை ஓட்டச் சொன்னது. 1933-ல் அவர் தொட்ட வேகம் மணிக்கு 64.28 மைல்! நூறு கிலோமீட்டருக்கு மேல்! டிராக்டரில்!

டெலிபோனுக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம்? ஒரே வடிவமைப்பாளர்! அமெரிக்க வீடுகளில் இருந்த கறுப்பு டயல் போனை வடிவமைத்த ஹென்றி டிரைஃபஸ்தான் ஜான் டியரின் ஏ, பி டிராக்டர்களுக்கு 1938-ல் அழகான மூக்கு வைத்தார்! போட்டி கம்பெனி சும்மா இருக்குமா? ஷெல் கம்பெனியின் சிப்பிச் சின்னத்தைப் பிற்பாடு வரைந்த ரேமண்ட் லோவி இருக்கிறாரே, அவரைப் பிடித்து ஃபார்மாலுக்கு 1939-ல் புது முகம் கொடுத்தது! இதில் நடுவருக்கு என்ன வேலை? 1936 ஏ மாடலில் டிரைஃபஸ் கிரில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். இருந்தால், வேறு வண்டியின் மூக்கை ஒட்டியிருக்கிறார்கள்!

1938-லேயே ரேடியோ வைத்த டிராக்டர் வந்துவிட்டது, நம்புவீர்களா? மினியாபொலிஸ்-மோலைன் கம்பெனியின் யுடிஎல்எக்ஸ். மூடிய கேபின், ஹீட்டர், ரேடியோ! பகலில் உழுதுவிட்டு சாயங்காலம் அதையே ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போகலாம், மணிக்கு 40 மைல் வேகத்தில்! ஆனால் செய்தது சுமார் 150 வண்டிகள்தான். அன்றைக்கு விவசாயி வாங்கவில்லை. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

விலை என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய டிராக்டர் ஒன்று எவ்வளவுக்குப் போகும்? 1913-ல் செய்த கேஸ் 30-60 ஒன்று 2022-ல் அமெரிக்க ஏலத்தில் 14 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது! அன்றைய கணக்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல்! அந்த 30-60 என்ன எண் தெரியுமா? இழுக்கும்போது 30 குதிரைத்திறன், பெல்ட் மாட்டி கதிரடி இயந்திரத்தை ஓட்டும்போது 60. பெயரிலேயே இரண்டு சக்தி!

ஆனால் ஒன்று. பதினொரு கோடி ரூபாய் வண்டி என்பதற்காக அதற்குக் கூடுதல் மார்க் போட்டால் அது போட்டியே இல்லை. அபூர்வம் என்பது சொந்தக்காரரின் அதிர்ஷ்டம். நடுவர் பார்க்கவேண்டியது அவருடைய உழைப்பை. லட்சக்கணக்கில் வந்த சாதாரண ஃபோர்ட்சனை ஒருவர் அப்படியே அச்சாக மீட்டெடுத்திருந்தால் கோடி ரூபாய் வண்டியை அது தாராளமாகத் தோற்கடிக்கலாம்! 1922-ல் அந்த ஃபோர்ட்சனின் விலை என்ன தெரியுமா? வெறும் 395 டாலர்!

ஹென்றி ஃபோர்ட் செய்த அந்த வண்டிக்கு ஏன் "ஃபோர்ட்" என்று பெயர் வைக்கவில்லை? கேளுங்கள் கூத்தை! மினியாபொலிஸில் ஒரு கும்பல், ஃபோர்ட் என்ற பெயர் கொண்ட ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு "ஃபோர்ட் டிராக்டர் கம்பெனி" என்று முன்கூட்டியே பலகை மாட்டிவிட்டது! கார் செய்த ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! பெயரை நம்பி வாங்கிய நெப்ராஸ்கா விவசாயி வில்மட் க்ரோஸியர் நொந்துபோனார். அடுத்து வாங்கியதும் சரியில்லை. மூன்றாவதாக ஒரு ரூம்லி வாங்கினார். அதுவோ சொன்னதைவிட அதிகமாக வேலை செய்தது! கம்பெனிக்காரன் சொல்வதை யார் சரிபார்ப்பது என்று யோசித்தார். அவர் மாநில சட்டமன்ற உறுப்பினரும் ஆயிற்றே! 1919-ல் சட்டமே வந்துவிட்டது: பல்கலைக்கழகத்தில் பரிசோதிக்காத டிராக்டர் மாடலை நெப்ராஸ்காவில் விற்கக் கூடாது!

1920-ல் சோதனை எண் 1. முதல் பரீட்சை எழுதிய டிராக்டர் வாட்டர்லூ பாய் மாடல் என்! அன்றிலிருந்து லிங்கன் நகரத்தில் தொடரும் அந்தச் சோதனை முடிவுகள்தான் இன்றைக்கும் பழைய டிராக்டர்காரர்களின் ஆதாரம். "என் வண்டி இத்தனை குதிரைத்திறன்" என்று யாராவது மீசை முறுக்கினால், சோதனை எண்ணைச் சொல்லி வாயை அடைத்துவிடலாம்!

அந்த ரூம்லி ஆயில்புல் வண்டியிலும் ஒரு வேடிக்கை. இன்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர் கிடையாது. எண்ணெய்! முன்னால் புகைபோக்கி போலப் பெரிய பெட்டி நிற்குமே, அதுதான் ரேடியேட்டர்!

ஸ்டார்ட் செய்யும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக், 1921-ல் வந்தது. முதலில் ஊதுவிளக்கை ஏற்றி இன்ஜின் தலையைச் சில நிமிடம் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அப்புறம்? பின்னால் வந்த மாடல்களில் ஸ்டியரிங்கைக் கழற்றி, ஃப்ளைவீலில் செருகிச் சுற்ற வேண்டும்! ஆமாம், ஸ்டியரிங்கையே! ஒரே சிலிண்டர், பெரிய மாடல்களில் அது மட்டும் 10.3 லிட்டர்! நம் ஊர் புல்லட்டின் சிலிண்டரைப் போல கிட்டத்தட்ட முப்பது மடங்கு! ஆரம்ப மாடலில் ரிவர்ஸ் கியரே இல்லை. பின்னால் போக வேண்டுமென்றால் இன்ஜினையே தலைகீழாகச் சுற்ற விட வேண்டும்!

பிரிட்டனின் ஃபீல்டு மார்ஷல் இன்னும் ஒரு படி மேல். துப்பாக்கித் தோட்டா போட்டு ஸ்டார்ட் செய்யலாம்! குண்டில்லாத வெறும் தோட்டாவைச் செருகி, சுத்தியலால் ஒரு தட்டு! டமார்! வண்டி உயிர் பெற்றுவிடும்.

இப்போது சொல்லுங்கள்: இப்படிப்பட்ட வண்டியை ஓடாமல் நிற்கவைத்து, பெயின்ட்டை மட்டும் பார்த்து மார்க் போட்டால் நியாயமா? என்னைக் கேட்டால், ஓட்டிக் காட்டாத இன்ஜினுக்கு முதல் பரிசே கூடாது. இதில் நடுவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு!

பெயின்ட்டே அடிக்காமல் பரிசு வாங்க முடியுமா? முடியும்! பழைய கார் உலகத்தில் இதற்கு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் மீட்டெடுத்த கார்களுக்கு 400 மார்க் வைத்து, பிழைக்குப் பிழை குறைத்துக்கொண்டே வரும். ஒரு டீலர் வண்டியைக் கழுவித் துடைத்து வாடிக்கையாளரிடம் கொடுக்கும் நிலைதான் அளவுகோல். கையே வைக்காமல் பிழைத்திருக்கும் வண்டிகளுக்கோ தனிப் பிரிவு! அங்கே துருவும் கீறலும் குற்றமில்லை, சாட்சி! டிராக்டர் கண்காட்சிகளிலும் அசலாக நிற்பதையும் மீட்டெடுத்ததையும் தனித்தனி வரிசையில் நிறுத்தினால்தான் தீர்ப்பு தீர்ப்பாக இருக்கும். பாட்டிக்கும் மணப்பெண்ணுக்கும் ஒரே அழகிப் போட்டி வைக்கலாமா?

தென் துருவத்துக்கு டிராக்டர் போயிருக்கிறது, தெரியுமா? எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரியே ஓட்டிக்கொண்டு போனார்! மூன்று சின்ன ஃபெர்குசன் டிஇ-20 டிராக்டர்கள், சக்கரத்தைச் சுற்றிப் பட்டைச் சங்கிலி. 1958 ஜனவரி 4-ம் தேதி துருவத்தைத் தொட்டார்கள்! 1912-ல் ஸ்காட் போனதற்குப் பிறகு தரை வழியாக அங்கே முதலில் போனவர்கள் இவர்கள்தான்! அந்த வண்டியின் கீறலைப் பூசி மறைக்க யாருக்காவது மனசு வருமா? அந்த ஃபெர்குசன் குடும்பத்தின் வாரிசுதான் மாஸ்ஸி ஃபெர்குசன். 1960-ல் தொடங்கிய சென்னையின் டாஃபே கம்பெனி தயாரித்து, நம் வயல்களில் ஓடிய அதே பெயர்!

டிராக்டருக்கு வைரம் போட்டு அழகு பார்த்திருக்கிறார்கள்! 1960 ஆகஸ்ட் 30, டல்லஸ் நகரம். ஜான் டியர் தன் புது டிராக்டர்களை அறிமுகம் செய்த நாள். நீமன் மார்கஸ் என்ற ஆடம்பரக் கடைக்குள் ஒரு பச்சை டிராக்டர், அதன்மேல் வைரங்கள்! அந்த மாடலை இன்று மீட்டெடுப்பவர் வைரம் ஒட்டினால் கூடுதல் மார்க் உண்டா? கிடையாது, ஒட்டவேண்டாம்!

கேஸ் டிராக்டரில் இருக்கும் கழுகு நிஜக் கழுகு, தெரியுமா? பெயர் ஓல்ட் ஏப். அமெரிக்க உள்நாட்டுப் போரில் விஸ்கான்சின் படையோடு கூடவே போன பறவை! அந்தப் படம் சரியான இடத்தில், சரியான அளவில் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளக்கும் நடுவர்களும் உண்டு.

மாணவர்களுக்கென்றே ஒரு போட்டி இருக்கிறது. டெலோ டிராக்டர் மீட்டெடுப்புப் போட்டி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பட்டறையில் ஒரு பழைய வண்டியைப் பிரித்து, திரும்ப உயிர் கொடுக்கிறார்கள். எதற்கு மார்க் தெரியுமா? வண்டிக்கு மட்டுமல்ல, நோட்டுக்கும்! என்ன கழற்றினார்கள், எவ்வளவு செலவு, எப்படிப் பாதுகாப்பாக வேலை செய்தார்கள் என்று எழுதி, படம் ஒட்டி, நடுவர்கள் முன்னால் நின்று பதிலும் சொல்ல வேண்டும்! அப்பாவின் பணத்தில் மெக்கானிக்கிடம் கொடுத்து வாங்கி வந்தால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான். பெரியவர்கள் போட்டிக்கும் இந்த நோட்டைக் கட்டாயமாக்கலாம். எத்தனை சண்டை மிச்சம்!

நடுவரோடு சண்டை வருமா? வராமல்! "என் தாத்தா வாங்கியபோதே இந்த லைட் இருந்தது" என்பார் சொந்தக்காரர். தொழிற்சாலையிலிருந்து வந்ததா, டீலர் மாட்டியதா, தாத்தாவே மாட்டியதா? பழைய உதிரிபாகப் புத்தகமோ, அந்தக் கால போட்டோவோ காட்டினால் நல்ல நடுவர் குறைத்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். காட்டாவிட்டால், தாத்தா சாட்சிக்கு வர முடியாதே!

பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி என்று வீடுவீடாகப் பிரிந்து நிற்கும் ஊர்கள் உண்டு. ஜான் டியர் வீட்டில் பிறந்தவர் ஃபார்மாலுக்கு மார்க் போடும்போது கை நடுங்குமா, நடுங்காதா? அதனால்தான் ஒரே ஆளிடம் பேனாவைக் கொடுக்கக் கூடாது. ஒருவர் இன்ஜினை மட்டும், ஒருவர் தகரத்தையும் பெயின்ட்டையும் மட்டும், ஒருவர் சக்கரத்தை மட்டும் பார்த்து, மார்க்கைக் கடைசியில் கூட்டினால் கட்சி கரைந்துவிடும்!

கடைசியாக வருபவர் ஜெயிக்கும் ரேஸ் தெரியுமா? இந்தக் கண்காட்சிகளில் "ஸ்லோ ரேஸ்" என்று வைப்பார்கள். நிற்கக் கூடாது, இன்ஜின் அணையக் கூடாது, கடைசியாகக் கோட்டைத் தொடுபவருக்குப் பரிசு! இதற்கு நடுவரே வேண்டாம், பொறுமை உள்ள கூட்டம் போதும்.

உழவுப் போட்டி இருக்கிறதே, அங்கே இன்னும் வேடிக்கை! உலக உழவுப் போட்டி 1953-ல் கனடாவில் தொடங்கியது. பிரிட்டனின் உழவுப் போட்டிகளில் பழைய டிராக்டர்களுக்கென்றே பிரிவுகள் உண்டு. நடுவர் பார்ப்பது உழுத சால் நேராக இருக்கிறதா, புரண்ட மண் சீராகப் படுத்திருக்கிறதா, முதல் சாலும் கடைசிச் சாலும் சுத்தமா என்பதைத்தான். நிலத்துண்டுக்கு எண் மட்டும்தான். வண்டி சிவப்பா, பச்சையா, துருவா? மண்ணைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!